பழைய மசில் காரில் இருப்பது ஃபேக்டரியில் போட்ட அதே எஞ்சின்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்களில் 1960களின் கடைசி, 70களின் தொடக்கத்தில் வந்த கமாரோ, ஷெவெல், மஸ்டாங், சேலஞ்சர் மாதிரி மசில் கார்களை, அதாவது சக்தி வாய்ந்த எஞ்சின் போட்ட அமெரிக்கக் கார்களை, வாங்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: பானெட்டுக்குள் இருக்கும் எஞ்சின் இந்த வண்டியோடு பிறந்ததா, நடுவில் வந்து உட்கார்ந்ததா? தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்த பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன், கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எனக்கு அதிகப் பழக்கம் ஷெவர்லே என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஃபோர்டு, கிரைஸ்லர் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

"நம்பர்ஸ் மேட்சிங்"னு விளம்பரத்துல போட்டிருக்காங்க அண்ணே. அப்படின்னா ஒரிஜினல் எஞ்சின்தானே?

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் விற்கிறவர்கள் அந்தச் சொல்லை அவரவர் வசதிக்கு இழுக்கிறார்கள். கறாரான அர்த்தம் இதுதான்: எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் இரும்பு உடலில்) பஞ்ச் செய்திருக்கும் வண்டி நம்பரின் கடைசிப் பகுதியும், டாஷ்போர்டில் இருக்கும் வண்டி நம்பரும் (இங்கே எல்லாரும் வின் என்று சொல்வது) ஒன்றாக இருக்க வேண்டும், அந்தப் பஞ்ச் ஃபேக்டரியில் அடித்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு ரகம், அதே வருடத்து, அதே வகை, தேதிகூடப் பொருந்துகிற ஒரு பிளாக்கை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டுவிட்டு "மேட்சிங்" என்று எழுதுவது. அது "டேட் கோட் கரெக்ட்", ஒரிஜினல் இல்லை. நல்ல வேலைதான், ஆனால் விலை வேறு. அதனால் விளம்பரத்தைப் படித்ததும் நேராகக் கேளுங்கள்: இந்த பிளாக்கில் இந்த வண்டியின் வின் இருக்கிறதா, அதை யார், எப்போது அடித்தது? பதில் எழுத்தில் வரட்டும்.

எஞ்சின் மாறியிருந்தா என்ன இப்போ? நல்லா ஓடினா போதாதா?

ஓட்டுவதற்கு மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் போதும். இன்னும் சொன்னால், எஞ்சின் மாறிய வண்டியை நேர்மையான விலைக்கு வாங்கினால் மனசுக்குப் பயமில்லாமல் ஓட்டலாம். இந்த வண்டிகளை முதலில் வாங்கியவர்கள் இருபது வயசுப் பையன்கள், சனிக்கிழமை ராத்திரி டிராக் ரேஸ் ஓட்டினார்கள், கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, வேறு எஞ்சினைத் தூக்கிப் போட்டு மறுவாரமும் ஓட்டினார்கள். அன்றைக்கு அது வெறும் பழைய கார். அதனால் ஒரிஜினல் எஞ்சின் இல்லாதது தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு, இல்லாததை இருக்கிறது என்று சொல்லி அதற்குக் காசு வாங்குவது. அந்தக் காசு சின்னது இல்லை. 1971 பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 2014ல் சியாட்டிலில் நடந்த ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அது உச்சம், நாம் வாங்குவது அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் சாதாரண கமாரோ இசட்28, ஷெவெல் எஸ்.எஸ். அளவிலேயே அந்த ஒரு பிளாக்கை வைத்து விலை பல்லாயிரம் டாலர் ஏறி இறங்குகிறது.

சரி, எங்கே பார்க்கணும்? வண்டியில் நம்பர் எந்த இடத்தில் இருக்கும்?

ஷெவர்லே வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) என்றால் வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட் முடிகிற இடத்தில், அதற்குச் சற்று முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டையான மேடை இருக்கும். அதைத்தான் பேட் என்கிறோம். அதில் இரண்டு பஞ்ச் இருக்க வேண்டும்: எஞ்சின் ஃபேக்டரி அடித்த கோடு ஒன்று, கார் ஃபேக்டரி அடித்த வின் பகுதி ஒன்று. 1969லிருந்து ஆல்டர்னேட்டர் அந்தப் பக்கத்துக்கு மாறியதால் அது பேடை மறைத்துக்கொண்டு நிற்கும், சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். 1969 கமாரோ சிலவற்றில் வின் பகுதி பேடில் இல்லாமல் ஆயில் ஃபில்டருக்கு மேலே சொரசொரப்பான இடத்தில் இருக்கும். பேடில் காணோம் என்றதும் ஓடிவிடாமல் அங்கேயும் பாருங்கள்.

வார்ப்பு நம்பரும் வார்ப்புத் தேதியும் வேறு. அவை பஞ்ச் அடித்தவை இல்லை, இரும்பை ஊற்றும்போதே அச்சில் புடைத்து வந்தவை. ஸ்மால் பிளாக் (ஷெவர்லேயின் சிறிய வகை வி8) என்றால் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டும் விளிம்பில் தேடுங்கள்.

வின் நம்பரைப் பார்த்தாலே எந்த எஞ்சின்னு தெரிஞ்சிடாதா?

கம்பெனியைப் பொறுத்தது. ஃபோர்டிலும், 60களின் நடுவிலிருந்து கிரைஸ்லரிலும் வின்னின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். ஷெவர்லேயில் 1972க்கு முன்னால் அந்த வசதி கிடையாது, ஆறு சிலிண்டரா வி8ஆ என்பது மட்டும்தான் தெரியும். 1969 கமாரோ வின் 124ல் தொடங்கினால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். அவ்வளவுதான்.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு 1970 ஷெவெலைப் பாருங்கள். அந்த வருடம் எஸ்.எஸ். என்பது தனி மாடல் இல்லை, மாலிபுவின் மேல் வாங்குகிற ஆப்ஷன். அதனால் சாதுவான 307 எஞ்சின் (இந்த எண்கள் எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில்) போட்ட மாலிபுவுக்கும், 450 குதிரைத்திறன் 454 எல்.எஸ்.6 போட்ட எஸ்.எஸ்.ஸுக்கும் வின் ஒரே மாதிரி 136370 என்றுதான் தொடங்கும். 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ்.396க்குத் தனியாக 138 வரிசை இருந்தது, அந்த மூன்று வருடமும் வாங்குகிறவருக்கு ஒரு நிம்மதி. போன்டியாக் ஜி.டி.ஓ. இதற்குத் தலைகீழ்: 1964, 65ல் அது ஆப்ஷன், வின்னில் தெரியாது. 1966 முதல் 1971 வரை 242 என்று தொடங்கும், அதை வைத்து ஜி.டி.ஓ.வாகப் பிறந்த வண்டி என்று சொல்லிவிடலாம்.

பேடில் டி 0210 சிஆர்வி, கீழே 10கே-யும் ஆறு இலக்கமும் இருக்கு. இதை எப்படிப் படிக்கறது?

முதல் எழுத்து எஞ்சின் ஃபேக்டரி. இது நியூயார்க் மாநிலத்தின் டானவாண்டாவின் முதலெழுத்து (ஆங்கில T), ஷெவர்லேயின் பெரிய வகை வி8ஆன பிக் பிளாக் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஸ்மால் பிளாக் என்றால் பெரும்பாலும் மிச்சிகனின் ஃபிளின்ட், அதற்கு எழுத்து வி. அடுத்து 0210, அதாவது பிப்ரவரி 10. வருடம் இருக்காது, கவனியுங்கள். கடைசி எழுத்துகள் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸுக்கு என்பதைச் சொல்கின்றன. சிஆர்வி என்பது 1970ன் எல்.எஸ்.6, கைக் கியர். அதே எஞ்சின் ஆட்டோமேட்டிக் கியரோடு வந்தால் சிஆர்ஆர். 1970க்கு முன்னால் இந்தப் பகுதியில் இரண்டு எழுத்துதான், 1969 கமாரோ இசட்28ன் 302க்கு டிஇசட்.

வருடம் இல்லாததால் ஒரு சிக்கல். இந்த எழுத்துகளை ஷெவர்லே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. எம்ஓ என்பது 1967, 68 கமாரோவில் இசட்28ன் 302. அதே எம்ஓ 1969ல் வேறு, ஆட்டோமேட்டிக் கியரோடு வந்த 427. எழுத்தை மட்டும் பார்த்து சந்தோஷப்படக் கூடாது, வார்ப்புத் தேதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கீழே இருப்பது வின் பகுதி. 1 என்றால் ஷெவர்லே, 0 என்றால் 1970, கே என்றால் கான்சஸ் சிட்டி ஃபேக்டரி, அப்புறம் வண்டியின் வரிசை எண் ஆறு இலக்கம். இது டாஷ்போர்டு வின்னோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்போக வேண்டும்.

வார்ப்பு நம்பரைத் தேடிப் பார்த்தேன், சரியான பிளாக்தான்னு வருது. இது போதாதா?

போதாது. வார்ப்பு நம்பர் ஒரு வடிவத்தின் பெயர்தான், அந்த வடிவத்தில் லட்சக்கணக்கில் ஊற்றியிருப்பார்கள். 3970010 என்ற ஸ்மால் பிளாக் வார்ப்பு 1969ல் தொடங்கி எழுபதுகள் முழுக்க காரிலும் லாரியிலும் போனது. 3963512 என்பது 454ல் வரும் வார்ப்பு, 360 குதிரைத்திறன் எல்.எஸ்.5லும் அதுதான், எல்.எஸ்.6லும் அதுதான். வார்ப்பு நம்பர் தப்பாக இருந்தால் வண்டியை ஒதுக்கிவிடலாம். சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்பது மட்டும்தான் அர்த்தம்.

தேதிகள் எந்த வரிசையில் இருக்கணும்? எவ்வளவு இடைவெளி வரை ஒத்துக்கலாம்?

பிளாக் வார்த்த தேதி, எஞ்சின் கோர்த்த தேதி, கார் கட்டிய தேதி. இந்த வரிசை தலைகீழாகவே கூடாது. ஷெவர்லே வார்ப்புத் தேதியில் முதல் எழுத்து மாதம் (ஏ ஜனவரி, பி பிப்ரவரி, இப்படி எல் வரை டிசம்பர்), அடுத்து நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். பி 3 0 என்றால் 1970 பிப்ரவரி 3. எஞ்சின் கோர்த்த தேதி பேடில் இருக்கிறது. கார் கட்டிய காலம் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பில்) ஆணியடித்த கவுல் டேக் என்ற தகட்டில் இருக்கும், 02டி (ஆங்கில D) என்றால் பிப்ரவரி நாலாவது வாரம். பிப்ரவரி 3ல் வார்த்து, 10ல் கோர்த்து, நாலாவது வாரம் காரில் ஏறியது என்றால் அழகாகப் பொருந்துகிறது.

இடைவெளி பெரும்பாலும் சில வாரங்கள். அரிதான எஞ்சின் கொஞ்சம் அலமாரியில் உட்கார்ந்திருக்கலாம், ஒன்றிரண்டு மாதம் ஆனாலும் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியவர் விற்கிறவர். வார்ப்புத் தேதியின் கடைசி இலக்கத்தில் இன்னொரு பொறி: 0 என்பது 1970ஆகவும் இருக்கலாம், 1980ஆகவும் இருக்கலாம். மேலே சொன்ன 3970010 மாதிரி நீண்ட நாள் ஓடிய வார்ப்புகளில் 9 என்பது 1969ஆ 1979ஆ என்று யோசிக்காமல் விடாதீர்கள்.

பேடில் துருவும் பெயிண்டும்தான் இருக்கு, ஒண்ணும் படிக்க முடியலை. சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். சாண்ட் பேப்பர், கம்பி பிரஷ், ஃபைல், கிரைண்டர் எதுவும் பேடின் பக்கத்திலேயே வரக் கூடாது. எழுத்தைவிட முக்கியமான சாட்சி அந்த மேற்பரப்பில் இருக்கிறது (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்), தேய்த்தால் உண்மையான எஞ்சினைக்கூட நீங்களே சந்தேகத்துக்கு உரியதாக ஆக்கிவிடுவீர்கள். பெயிண்ட் ரிமூவரைத் தடவி ஊற விடுங்கள், பிரேக் கிளீனரோ அசிட்டோனோ போட்டுப் பருத்தித் துணியால் துடையுங்கள். விடாப்பிடியான அழுக்குக்கு நைலான் பிரஷ். பொறுமையாக இரண்டு மூன்று தடவை செய்தால் வந்துவிடும்.

படிக்கும்போது டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள், மங்கிய எழுத்துகூட நிழலில் எழுந்து நிற்கும். நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸில் சேஸிஸ் நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அந்த முறை இங்கேயும் வேலை செய்யும். படத்தில் தெரியாத எழுத்தின் வடிவமும் இடைவெளியும் அந்தப் பேப்பரில் கிடைக்கும். வண்டி இன்னும் உங்களுடையது இல்லை என்றால் விற்கிறவரிடம் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

நம்பர் எல்லாம் சரியா இருக்கு. ஆனா பின்னாடி யாரோ புதுசா அடிச்சதா இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். பஞ்ச் செட் கடையில் கிடைக்கிறது, எந்த வண்டிக்கு என்ன கோடு வர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் "நம்பர் சரியாக இருக்கிறது" என்பது தனியாக எதையும் நிரூபிக்காது. போலியாக அடிக்கிறவர் தப்பான நம்பரை அடிக்க மாட்டார்.

முதலில் எழுத்தை விட்டுவிட்டு மேற்பரப்பைப் பாருங்கள். ஷெவர்லே ஃபேக்டரியில் பிளாக்கின் மேல் முகத்தை பிரோச் என்ற பெரிய வெட்டுக் கருவியால் ஒரே இழுப்பில் சீவினார்கள். அது எஞ்சினின் முன்னிருந்து பின்னாக, மெல்லிய நேர்க்கோடுகளை விட்டுச் செல்லும். பேடும் அதே முகத்தின் பகுதிதான் என்பதால் அந்தக் கோடுகள் பேடிலும் தெரிய வேண்டும், எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோடுகள் வட்டமாக வளைந்தால் வேறு மில்லிங் மெஷினில் ஏறியிருக்கிறது. குறுக்கே ஓடினால் ஃபைல் அல்லது சாண்ட் பேப்பர். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்து அதில் பளிச்சென்று நம்பர் இருந்தால், பழைய நம்பரைச் சீவிவிட்டுப் புதிதாக அடித்தது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். சில கெட்டிக்காரர்கள் பிரோச் கோடுகளைக்கூடப் போலியாகப் போடுகிறார்கள். அவை பெரும்பாலும் அளவுக்கு மீறி ஆழமாகவோ, பேடோடு நின்றுவிடுவதாகவோ இருக்கும். ஹெட்டைக் கழற்றியிருந்தால் பேடின் கோடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் முகத்தின் கோடும் தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

அப்புறம் எழுத்து. எஞ்சின் கோடை அடித்தது எஞ்சின் ஃபேக்டரி, வின் பகுதியை அடித்தது வேறு ஊரில் இருக்கும் கார் ஃபேக்டரி, வேறு ஆள், வேறு பஞ்ச், வேறு நாள். அதனால் இரண்டு வரியும் எழுத்து வடிவத்திலும் ஆழத்திலும் சாய்விலும் கொஞ்சம் வித்தியாசப்பட வேண்டும். இரண்டும் ஒரே கை எழுதியது மாதிரி இருந்தால் மணி அடிக்க வேண்டும். அதே கார் ஃபேக்டரியில், அதே மாதம் வந்த, யாரும் கை வைக்காத வண்டிகளின் பேட் படங்களோடு வைத்து ஒப்பிடுவதுதான் கடைசிப் பரீட்சை. 3ன் தலை தட்டையா உருண்டையா, 1க்கு அடியில் கோடு உண்டா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இந்தக் கண் நிறைய நல்ல பேடுகளைப் பார்த்தால்தான் வரும், அதனால் விலை பெரியது என்றால் அந்த மாடலில் பழகிய மதிப்பீட்டாளருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது வீண் செலவு இல்லை.

பேட் வெறுமையா, மொழுக்குன்னு இருக்கு. நம்பரே இல்லை. மோசடியா?

பெரும்பாலும் இல்லை. எஞ்சின் ரீபில்ட் செய்யும்போது பட்டறையில் பிளாக்கின் மேல் முகத்தைச் சமமாகச் சீவுவார்கள், பேடும் அதே மட்டத்தில் இருப்பதால் நம்பரும் போய்விடும். எழுபது, எண்பதுகளில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இப்படி நம்பர் இழந்த உண்மையான ஒரிஜினல் எஞ்சின்கள் இருக்கின்றன.

ஆனால் இருக்கலாம் என்பதற்கு ஒரிஜினல் விலை கொடுக்க முடியாது. வார்ப்புத் தேதி பொருந்துகிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள், முதல் ஓனரின் குடும்பத்திடமே வண்டி இருந்ததா, பழைய பட்டறை ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாம் சரியாக வந்தாலும் நம்பர் இல்லாத எஞ்சின் என்ற கணக்கில்தான் பேரம் பேச வேண்டும். எனக்குத் தனிப்பட்ட முறையில், புதிதாக அடித்த பேடைவிட வெறும் பேட் எவ்வளவோ மேல். அது பொய் சொல்லவில்லை.

பேடில் சி.இ.ன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கு. இது என்ன கோடு?

அது ஷெவர்லே வாரண்டியில் மாற்றிக்கொடுத்த பிளாக். சி.இ., அடுத்து வருடத்தின் ஒற்றை இலக்கம், அதற்கப்புறம் ஒரு வரிசை எண். முதல் எஞ்சின் வாரண்டி காலத்தில் போய்விட, டீலர் இதைப் போட்டிருக்கிறார். இது ஒரிஜினல் எஞ்சின் இல்லை. ஆனால் வண்டியின் உண்மையான சரித்திரத்தில் ஒரு பகுதி, டீலரின் வாரண்டிக் காகிதமும் கூடவே இருந்தால் நல்ல மரியாதை கிடைக்கும். காகிதம் இல்லாவிட்டால் அந்த பிளாக் இந்த வண்டிக்குத்தான் கொடுத்தது என்று சொல்ல வழியில்லை, வேறு வண்டியின் சி.இ. பிளாக்காகவும் இருக்கலாம்.

பேப்பர் எல்லாம் பக்காவா இருக்குன்னு சொல்றார். எந்தப் பேப்பரை நம்பலாம் சார்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான காகிதங்கள் இந்த வண்டி எந்த எஞ்சினோடு பிறந்தது என்று சொல்லும். இப்போது உள்ளே இருக்கும் பிளாக் அதே பிளாக்தானா என்று சொல்லாது. இரண்டும் வேண்டும்.

போன்டியாக் என்றால் கவலை குறைவு, போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் வின்னை வைத்துக் கம்பெனியின் பில்லிங் பதிவின் நகலைத் தருகிறது. 1967லிருந்து வந்த ஃபோர்டுகளுக்கு மார்டி ரிப்போர்ட், அது ஃபோர்டின் உற்பத்திப் பதிவிலிருந்தே எடுத்தது. கனடாவில் புதிதாக விற்ற ஜி.எம். (ஷெவர்லே, போன்டியாக்கின் தாய்க் கம்பெனி) வண்டிகளுக்கு ஜி.எம். கனடாவின் பதிவிலிருந்து தகவல் கிடைக்கிறது, டொரண்டோவில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஷெவர்லேக்கும் கிடைக்கும். அமெரிக்காவில் விற்ற அந்தக் காலத்து கமாரோ, ஷெவெலுக்கு இப்படி வின் போட்டால் எஞ்சினைச் சொல்லும் பதிவு கிடைக்காது என்பதுதான் பெரிய வேதனை, போலிகள் அங்கே கூட்டமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

அதனால் ஷெவர்லேயில் வண்டியோடு வந்த காகிதத்துக்கு மதிப்பு. புரொடெக்ட்-ஓ-பிளேட் என்று வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்த சின்ன உலோகத் தகடு இருக்கிறது, அதில் வின்னும் எஞ்சின் கோடும் தேதியும் சேர்ந்தே இருக்கும். வின்னையும் எஞ்சினையும் ஒரே இடத்தில் கட்டிப்போடும் சாட்சி அது. பில்ட் ஷீட், அதாவது வண்டியில் என்னென்ன போட வேண்டும் என்று ஃபேக்டரி லைனுக்கு அச்சடித்த தாள், சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க் மேலேயோ மடங்கிக் கிடக்கும், சில சமயம் லைனில் வேலை செய்தவர்கள் பக்கத்து வண்டியின் ஷீட்டைச் செருகிவிட்டதும் உண்டு, அதில் இருக்கும் வின்னை ஒத்துப் பாருங்கள். புரொடெக்ட்-ஓ-பிளேட், விண்டோ ஸ்டிக்கர், கவுல் டேக் எல்லாவற்றுக்கும் புது நகல் செய்து விற்கிறார்கள். ஐம்பது வருடத்துக் காகிதத்தில் மடிப்பு, கறை, எண்ணெய் இருக்கும். மொடமொடப்பாக இருந்தால் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விசாரியுங்கள்.

கவுல் டேகில் எக்ஸ்33 இருக்கு. அப்போ இது இசட்28தானே, எஞ்சினும் ஒரிஜினல்னு எடுத்துக்கலாமா?

முதல் பாதி கிட்டத்தட்ட ஆமாம். ஒஹையோவின் நார்வுட் ஃபேக்டரியில் 1968 டிசம்பர் வாக்கில் தொடங்கி 1969 கமாரோக்களின் டேகில் எக்ஸ் கோடு அடித்தார்கள். எக்ஸ்33, எக்ஸ்77 இரண்டும் இசட்28. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து வான் நைஸ் ஃபேக்டரி அப்படி அடிக்கவில்லை, அதனால் அங்கிருந்து வந்த வண்டியில் எக்ஸ் கோடு இல்லை என்று வருத்தப்படவும் வேண்டாம், இருந்தால் சந்தோஷப்படவும் வேண்டாம்.

இரண்டாவது பாதி இல்லை. டேக் உடம்பைப் பற்றிப் பேசுகிறது, பிளாக்கைப் பற்றி இல்லை. அதோடு டேகே மாற்றியதாக இருக்கலாம், ஆணியும் அதைச் சுற்றிய பெயிண்டும் கலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 1968, 69 கமாரோவில் உடம்பிலேயே மறைவாக வின் பகுதி பஞ்ச் செய்திருக்கும், ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஓர் இடம், கவுல் மூடிக்கு அடியில் ஓர் இடம். டாஷ் வின்னும் மறைவு வின்னும் ஒத்துப்போகவில்லை என்றால் எஞ்சினைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஃபோர்டு, டாட்ஜ், பிளிமத் எல்லாம் எப்படி? இதே முறைதானா?

யோசனை அதே, இடமும் எழுத்தும் வேறு. மஸ்டாங்கில் வின்னின் ஐந்தாவது எழுத்து கே என்றால் 271 குதிரைத்திறன் 289, ஆர் என்றால் ராம் ஏர் 428 கோப்ரா ஜெட், ஜி என்றால் பாஸ் 302, இசட் என்றால் பாஸ் 429. பிளாக்கில் வின் அடிப்பது பொதுவாக 1968லிருந்துதான், அதற்கு முன்னால் கே எஞ்சின் மாதிரி சிலவற்றில் மட்டும். வார்ப்புத் தேதி ஷெவர்லேக்குத் தலைகீழ்: வருடம் முதலில், மாத எழுத்து, நாள். 9சி15 என்றால் 1969 மார்ச் 15. சி8, டி0 என்று தொடங்கும் ஃபோர்டு வார்ப்பு நம்பர் அந்தப் பாகத்தை வடிவமைத்த வருடத்தைத்தான் சொல்லும், வார்த்த நாளை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

கிரைஸ்லரில் (டாட்ஜ், பிளிமத் இரண்டும் இந்தக் கம்பெனிதான்) 1970ல் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் 426 ஹெமி, வி என்றால் மூன்று கார்புரேட்டர் 440, யு என்றால் ஒற்றைக் கார்புரேட்டர் 440 மேக்னம். இடது ஃபெண்டருக்குள் இருக்கும் டேகில் ஹெமிக்கு இ74, மூன்று கார்புரேட்டர் 440க்கு இ87. இரண்டும் ஒன்றை ஒன்று உறுதி செய்ய வேண்டும். பிளாக்கில் வின் அடிப்பது 1968ல் தொடங்குகிறது. 383, 440ல் அது பயணி பக்கம், ஆயில் பேன் விளிம்புக்கு அருகே இருக்கும், வண்டியை லிஃப்டில் ஏற்றாமல் பார்க்க முடியாது. விற்கிறவர் லிஃப்டுக்கு வர மாட்டேன் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

என் வண்டி 1968க்கு முந்தினது, பிளாக்கில் வின்னே அடிக்கலை. ஒரிஜினல்னு எப்படி நிரூபிக்கறது?

காகிதம் இல்லாமல் நிரூபிக்க முடியாது. கோடு சரி, வார்ப்புத் தேதி சரி, வரிசை சரி என்று வந்தால் ஒரிஜினலாக இருக்க இடமிருக்கிறது என்பது வரைதான் போகலாம். புரொடெக்ட்-ஓ-பிளேட் மாதிரி ஒன்று இருந்தால் அதற்கு மேல் ஒரு படி. 1966, 67 வண்டிகளுக்கு "நூறு சதவீதம் மேட்சிங்" என்று ஒருவர் எழுதினால், எந்த நம்பர் எந்த நம்பரோடு என்று கேட்டுப் பாருங்கள்.

கியர்பாக்ஸும் ரியர் ஆக்ஸிலும் பார்க்கணுமா?

கியர்பாக்ஸைக் கட்டாயம் பாருங்கள், எஞ்சினுக்கே அது சாட்சி சொல்லும். 1969 வாக்கில் கார் ஃபேக்டரி கியர்பாக்ஸிலும் வின் பகுதியை அடித்தது, பெரும்பாலும் எஞ்சினில் அடித்த அதே பஞ்ச்சை வைத்து. ஆகவே பேடின் எழுத்தையும் கியர்பாக்ஸ் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே சொன்ன போலிப் பஞ்ச் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஷெவர்லேயில் வந்த மன்சி என்ற நாலு கியர் பாக்ஸின் தேதியில் மாத எழுத்துகள் பிளாக்கில் இருப்பது போல வரிசையாக ஓடாது: மே வரை ஏ முதல் இ, அப்புறம் ஜூனுக்கு எச், ஜூலைக்கு கே, ஆகஸ்டுக்கு எம், இப்படித் தாவி டிசம்பருக்கு டானவாண்டாவின் முதலெழுத்தான T-யில் முடியும். இது தெரியாமல் நல்ல கியர்பாக்ஸைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ரியர் ஆக்ஸிலில் கோடும் தேதியும்தான், வின் இருக்காது.

என் எஞ்சின் ஒரிஜினல்னு எனக்குத் தெரியும். பட்டறையில் சீவினதில் நம்பர் போச்சு. திரும்ப அதே நம்பரை அடிச்சுக்கலாமா?

அடிக்காதீர்கள். டாஷ்போர்டு வின்னைத் தெரிந்தே மாற்றுவதும் நீக்குவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பு 511ஆம் பிரிவுப்படி குற்றம், பல மாநிலங்களில் எஞ்சினில் இருக்கும் அடையாள எண்ணுக்கும் தனிச் சட்டம் உண்டு. அதைவிட முக்கியம், இன்றைக்கு நீங்கள் நல்லெண்ணத்தில் அடித்தது நாளைக்கு நாலாவது ஓனர் கையில் ஃபேக்டரி பஞ்ச்சாக விற்பனைக்கு வரும். சீவுவதற்கு முன்னால் பேடைப் படம் எடுத்திருந்தால் அந்தப் படம், பட்டறை ரசீது, பென்சில் நகல் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வண்டியோடு வையுங்கள். இனிமேல் சீவக் கொடுக்கிறவர்கள், பேடைத் தொடாமல் ஹெட் உட்காரும் இடத்தை மட்டும் சீவச் சொல்லுங்கள். தெரிந்த பட்டறைக்காரர் செய்வார்.

விற்கிறவர் வேறே மாநிலத்துல இருக்கார். படத்தை மட்டும் வச்சு முடிவெடுக்கலாமா?

வேண்டாம் என்று சொல்லப் படம் போதும், வாங்கலாம் என்று சொல்லப் போதாது. பேடைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில், எழுத்து மட்டும் இல்லாமல் பேட் முழுவதும் தெரிகிற படம் கேளுங்கள். வார்ப்புத் தேதி, கியர்பாக்ஸ் பஞ்ச், கவுல் டேக் ஆணிகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. நிறுத்தாமல் எடுத்த ஒரே வீடியோவில் டாஷ் வின்னில் தொடங்கி பேட் வரை வரச் சொன்னால் இன்னும் நல்லது, படம் வேறு வண்டியுடையது என்ற சந்தேகம் அத்தோடு போய்விடும். இதையெல்லாம் மகிழ்ச்சியாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பியதும் அந்த ஊரிலேயே ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள், முன்பணம் அதற்கு அப்புறம்தான்.

இந்த வண்டியோட ஒரிஜினல் பிளாக் தன்கிட்ட இருக்குன்னு ஒருத்தர் கூப்பிடறார். வாங்கலாமா?

உண்மையாக நடக்கிற விஷயம்தான், வின் பகுதியை வைத்து உரிமையாளரைத் தேடிப் பிடிக்கிறவர்கள் உண்டு. அதே அளவு, உங்கள் வின்னை எங்கோ பார்த்துவிட்டு ஒரு பிளாக்கில் அடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதனால் அவர் முதலில் அனுப்பட்டும், உங்கள் வின்னையோ கவுல் டேகையோ நீங்கள் அனுப்பாதீர்கள். பேட் படமும் வார்ப்புத் தேதியும் கேளுங்கள். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, உங்கள் கவுல் டேகின் வாரமும் கியர்பாக்ஸ் பஞ்ச்சின் எழுத்து வடிவமும். அவர் அனுப்புவது இந்த இரண்டோடும் பொருந்தினால் நேரில் போய், பிரோச் கோடுகளைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பிளாக் விரிசல் விட்டிருந்தாலும் வாங்கி வைக்கலாம், நல்ல பட்டறையில் சரி செய்ய முடிகிற விரிசல்கள் நிறைய. வண்டியில் இப்போது ஓடுகிற எஞ்சினை ஓட விட்டு, பிறந்த பிளாக்கை ஸ்டாண்டில் போட்டு வண்டியோடு சேர்த்தே வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். விற்கும்போது இரண்டையும் சேர்த்து, எது எங்கே இருக்கிறது என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள்.